வட்டியை எழுதும் கை எது?

(நிதி நிறுவனமொன்றின் விலை நிர்ணயப் பகுதியில் தரவு ஆய்வாளராகப் பணிபுரியும் அன்பரொருவர், ஜிந்துப்பிட்டியில் வணிகர், உத்தியோகத்தர், இளைஞர், வடக்கிலிருந்து வந்திருந்த கமக்காரர் ஆகியோர் முன்னிலையில் ஆற்றிய உரை.)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். காலையில் கணினியின் முன் அமர்ந்தால் மாலை வரை இலக்கங்களோடு மல்லுக்கட்டுகின்றவன். ஆயினும், நான் பிறந்து வளர்ந்த இந்த ஜிந்துப்பிட்டியில், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் முன்னிலையில், என் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை.

என் அம்மம்மா ஒரு நாள், "நீ என்ன உத்தியோகம் பார்க்கிறாய், தம்பி?" என்று கேட்டார். தரவு ஆய்வாளர் என்றேன். விளங்கவில்லை. "கடன் கேட்டு வருகின்றவருக்கு எத்தனை வீதம் வட்டி போடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், அம்மம்மா" என்றேன். "அப்படியென்றால் வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை என்று சொல்லன்!" என்றார். என் தொழிலுக்கு இதனினும் தெளிவான வரைவிலக்கணத்தை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குத் தந்ததில்லை.

செட்டியார் தெருவின் ஏடு

அம்மம்மா சொன்னதில் வரலாறும் இருக்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது செட்டியார் தெரு. இன்று அங்கே நகைக்கடைகளின் ஒளி கண்ணைப் பறிக்கிறது. ஒரு காலத்தில் அத்தெரு இலங்கையின் பணச் சந்தையாக விளங்கியது. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கிட்டங்கிகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் பேரேடு எழுதப் பழகி, வட்டிச் சிட்டை பார்க்கப் பழகி, அடுத்தாளாகி, ஈற்றில் மேலாளாக உயர்ந்தான். ஐந்தொகை போடத் தெரிந்த அந்தக் கைகளே எங்கள் தொழிலின் முன்னோடிகள்.

கோட்டையிலிருந்த வெள்ளையர் வங்கிகள் உள்நாட்டு வணிகனுக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. அவை செட்டிமாரை நம்பிக் கொடுத்தன. செட்டிமார் நம்மவரை நம்பிக் கொடுத்தனர். ஒவ்வொரு படியிலும் வட்டி ஏறியது. 1925 ஆம் ஆண்டில் செட்டிமாரிடையே நெருக்கடி மூண்டு, வங்கிகள் கையை இறுக்கியபோது, நாட்டு வணிகம் முழுவதும் மூச்சுத் திணறியது. 1934 இல் வங்கியியல் ஆணைக்குழு அமைக்கப்பட்டதும், 1939 இல் இலங்கை வங்கி தோன்றியதும் அந்தத் திணறலின் பின்விளைவுகளே.

வங்கி ஏன் நேரே கொடுக்கவில்லை? கேட்பவன் யார் என்று அதற்குத் தெரியாது. தெரியாமைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்தியவர் அறியாத வங்கியாளர் அல்லர், அறியப்படாத கடனாளி. நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்த அனைத்துக்கும் இதுவே வித்து.

வட்டியின் நான்கு கூறுகள்

நூறு ரூபாவுக்குப் பதினெட்டு ரூபா வட்டி என்று வைத்துக்கொள்வோம். அஃது எங்கிருந்து வருகிறது? வைப்பாளருக்கு நாங்கள் கொடுக்கும் வட்டி ஒன்பது. கந்தோர், சம்பளம், பத்திரச் செலவு நான்கு. திரும்பி வராத கடனை ஈடுசெய்ய இரண்டு. இலாபம் மூன்று. இவை விளக்கத்துக்காக நான் இட்ட இலக்கங்கள். கூறுகளோ எங்கும் இவைதாம்.

முதற் கூறு எங்கள் கையில் இல்லை. 2022 ஏப்பிரல் 8 ஆம் நாள் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டிலேயே மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் வட்டி முப்பது வீதத்தைக் கடந்தது. அரசாங்கமே அந்த விலைக்குக் கடன் வாங்கும்போது, முச்சக்கர வண்டி வாங்குகின்றவருக்கு மலிவாகக் கொடுப்பார் எவருமிலர்.

இரண்டாம் கூற்றிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு கடனுக்குப் பத்திரம் எழுதி, வீடு தேடிச் சென்று, தவணை திரட்ட ஐயாயிரம் ரூபா செலவாகிறது என்போம். ஐம்பது இலட்சம் கடன் வாங்கியவருக்கு அது நூற்றுக்குப் பத்துச் சதம். ஐம்பதாயிரம் வாங்கிய ஏழைக்கோ நூற்றுக்குப் பத்து ரூபா! சிறு கடனுக்கு வட்டி கூடுவது முழுவதும் வஞ்சகத்தால் அன்று; எண்கணிதமும் அதில் உண்டு. இதனை நான் மறைத்தால் உங்களுக்கு உண்மை சொன்னவன் ஆகேன்.

மூன்றாம் கூறுதான் என் மேசைக்கு வருவது. யார் திருப்பித் தருவார், யார் தரமாட்டார்? பழைய கடன்கள் யாவற்றையும் கணினியில் இட்டு, தொழில், வருமானம், வயது, முகவரி, முன்னைய தவணைகள் என்று நிரல் நிரலாக அடுக்கி, எந்த நிரல் தவறுதலோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கிறோம். அந்தக் கணக்கை நாங்கள் 'மாதிரி' என்கிறோம். புதிதாக ஒருவர் வந்ததும் மாதிரி அவருக்கு ஒரு புள்ளி இடும். புள்ளி வட்டியாக மாறும். முன்னே இருக்கும் உத்தியோகத்தர், "கணினி சொல்கிறது, ஐயா" என்பார். கணினி எதையும் சொல்வதில்லை. எங்களைப் போன்றோர் எழுதியதையே அது திருப்பி ஒப்புவிக்கிறது.

எங்கள் தெருவுக்கு நான் இட்ட வட்டி

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு நிறுவனத்தில் பணிபுரிந்தபோது நடந்தது இது. நம் தெருவில் முச்சக்கர வண்டி ஓட்டும் அண்ணர் ஒருவர் ஒரு மாலை என்னை வழியில் மறித்தார்.

"தம்பி, நானும் வெள்ளவத்தையில் இருக்கும் என் மைத்துனனும் ஒரே கிழமையில் உங்கள் இடத்தில் வண்டிக்குக் கடன் எடுத்தோம். ஒரே வண்டி, ஒரே உழைப்பு, ஒரே தவணைக் காலம். எனக்கு மட்டும் ஏன் இரண்டு வீதம் கூட?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவருடைய புள்ளியைப் பிரித்துப் பார்த்தேன். மற்றெல்லா நிரலிலும் இருவரும் சமம். வேறுபட்ட நிரல் ஒன்றே: அஞ்சல் வலயம். மைத்துனர் கொழும்பு 6. இவர் கொழும்பு 13. அந்த நிரலை மாதிரியில் சேர்த்தவர் யார் தெரியுமா? வேறு எவருமல்லர், உங்கள் முன் நிற்கும் நானே. கொழும்பு 13 இல் பிறந்த கை கொழும்பு 13 க்கு அபராதம் எழுதியிருக்கிறது!

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பழைய ஏட்டைத் திறந்து, இந்த வலயத்தில் தவறிய தவணைகள் எந்தத் திகதிகளில் தவறின என்று தேடினேன். அவை ஆண்டு முழுவதும் பரந்து கிடக்கவில்லை. 2020 இன் இறுதி மாதங்களில் குவிந்து கிடந்தன.

அந்த மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு ஜூலையில் இதே ஜிந்துப்பிட்டியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிச் சென்றனர். ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்றுப் பரவியதும், கொட்டாஞ்சேனையும் அயற் பகுதிகளும் வாரக் கணக்கில் ஊரடங்கில் அடைக்கப்பட்டன. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வீட்டில் முடங்கினார். வண்டி ஓட்டுகின்றவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தவணை எங்ஙனம் கட்டுவது? சட்டத்துக்குப் பணிந்து வீட்டிலிருந்தவனை, மாதிரி கடன் கட்டாதவன் என்று எழுதிக்கொண்டது.

ஏடு தவணை தவறியதை நினைவில் வைத்திருக்கிறது. ஏன் தவறியது என்பதை மறந்துவிடுகிறது. இடரை அது குணமாக எழுதுகிறது. ஊரடங்கில் ஒரு முறை உழைப்பை இழந்தவர், அதன்பின் ஆண்டுக்கணக்கில் அந்த இழப்புக்கு வட்டியும் கட்டுகிறார்.

அந்த மாதங்களை நீக்கிவிட்டு, வருமானத்தையும் ஒவ்வொருவரின் சொந்தத் தவணை வரலாற்றையும் வைத்து மீண்டும் கணக்கிட்டேன். முகவரி நிரலுக்குச் சொல்லும் பொருள் இல்லாது போயிற்று. மேலதிகாரியிடம் கொண்டு சென்றேன். அவர் இரக்கத்தைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டார். கணக்கைக் காட்டினேன். நிரல் நீக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கையொப்பமிட்டவர்களின் வட்டி குறைக்கப்படவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தமே என்றார்கள். அண்ணர் ஈற்றுத் தவணை வரை அந்த இரண்டு வீதத்தையும் கட்டி முடித்தார். இன்றும் என்னைக் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுடுகிறது.

கமக்காரரின் கணக்கு

இது நகரத்துக் கதை என்று வன்னியிலிருந்து வந்திருக்கும் கமக்காரர் எண்ணவேண்டா. உங்கள் கதையும் இதுவே.

பெரும்போகத்துக்கு விதைப்பவர் ஐப்பசி, கார்த்திகையில் கையிலிருப்பதை மண்ணில் போடுகிறார். தை, மாசியில்தான் நெல்லைக் காண்கிறார். உழவு இயந்திரத்துக்கான தவணையோ மாதந்தோறும் கேட்கப்படுகிறது. நெல் மாதந்தோறும் விளைவதுண்டா? கார்த்திகையில் தவறி மாசியில் முழுவதும் கட்டுகின்றவர் நாணயம் தவறியவர் அல்லர். நாட்காட்டி தவறாகப் போடப்பட்டவர். போகத்துக்கு ஏற்பத் தவணை அமைத்தால் அவர் தவறமாட்டார். தவறாதவருக்கு வட்டி குறையும்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ந்தது. அப்போது தவணை தவறிய கமக்காரர் சோம்பேறியா? ஏமாற்றுக்காரரா? அரசின் ஆணையொன்று அவருடைய வயலில் விழுந்தது. ஆனால் ஏட்டில் இருப்பது அவர் பெயர்; ஆணையின் பெயரன்று.

இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றியது. ஒருவர் எங்கே கடன் பெற்றார், எவ்வாறு கட்டினார் என்ற விபரம் அங்கே திரள்கிறது. ஒழுங்காகக் கட்டுகின்ற ஏழைக்கு அது ஒரு சாட்சி. செட்டியாரின் தயவின்றித் தன் நாணயத்தை நிறுவ அவனுக்குக் கிடைத்த பத்திரம். அந்த நன்மையை நான் மதிக்கிறேன். அதே பதிவில் காரணம் படிக்கப்படாது போனால், அதே பத்திரம் பழியாகவும் மாறும்.

பர்மா புகட்டிய பாடம்

இந்தப் பிழை புதியதன்று. பர்மாவில் செட்டிமார் நெல் வயல்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தனர். இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தனர். கணக்கில் அவர்களை வெல்ல ஆளில்லை. 1930 ஐ அடுத்து உலகெங்கும் விலை சரிந்து நெல்லின் விலையும் வீழ்ந்தது. உழவன் முன்போலவே உழைத்தான், முன்போலவே விளைந்தது, விற்ற பணமோ கடனுக்குப் போதவில்லை. நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலமே செட்டிமாரிடம் இருந்தது. 1938 அளவில் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று.

அவர்கள் நிலத்தை நாடி வந்தவர்கள் அல்லர், பணத்தையே நாடினர். வாங்குவாரற்ற நிலமும், நிலமிழந்தவனின் வெறுப்புமே மிஞ்சின. ஈற்றில் நிலமும் போயிற்று, முதலும் போயிற்று. ஊர் முழுவதற்கும் வந்த இடரைத் தனி மனிதனின் குற்றமாக எழுதும் கணக்கு, கடனாளியை மட்டுமன்றிக் கடன் கொடுத்தவனையும் அழிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஆகவே என் மேலதிகாரிகளிடம் நான் கேட்பது தருமம் அன்று, சரியான கணக்கு.

பெரிய நாடுகளிலும் இந்த நோய் உண்டு. இங்கிலாந்தில் நுகர்வோர் ஆலோசனை அமைப்பான சிற்றிசன்ஸ் அட்வைஸ், வெள்ளையரல்லாதோர் வாகனக் காப்புறுதிக்குச் சராசரியாக ஆண்டுக்கு 250 பவுண் மேலதிகமாகச் செலுத்துகின்றனர் என்று 2022 இல் வெளியிட்டது. விண்ணப்பத்தில் நிறத்தை எவரும் கேட்பதில்லை. அஞ்சல் வலயத்தைக் கேட்டாலே போதுமே! அதே ஆண்டு சனவரி முதல், பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடிய கட்டணம் பெறுவதை வாகன, வீட்டுக் காப்புறுதிகளில் அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. கேட்காதவரிடமே கூடுதலாகப் பெறலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள்.

கேட்கத் தெரிந்தவருக்குக் குறையும்

இனி உங்கள் கைக்கு உதவும் கணக்கொன்று. ஓர் இலட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீதம், பன்னிரண்டு தவணை. "வட்டி 24,000; மொத்தம் 1,24,000; மாதம் 10,333" என்று எழுதிக் கொடுப்பார்கள். மேலோட்டமாக எல்லாம் சரி. ஆனால் மாதந்தோறும் முதலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். அரையாண்டு கழிந்தபோது உங்கள் கையிலிருப்பது ஏறத்தாழப் பாதிக் கடனே. வட்டியோ முழு இலட்சத்துக்கும் எழுதப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் நிலுவைக்கு வட்டி கணக்கிட்டால், நீங்கள் செலுத்துவது மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை வீதம். ஆண்டுக்கு 42 வீதமளவு! இருபத்து நான்கு என்ற சொல்லுக்குள் நாற்பத்திரண்டு ஒளிந்திருக்கிறது. முற்பணமாகக் கழிக்கும் சேவைக் கட்டணத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை.

நுண்கடன் என்ற பெயரால் வன்னியிலும் கிழக்கிலும் நம் பெண்கள் பட்ட பாட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 இல் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் 220 வீதம் வரையான வட்டியைப் பற்றிக் குறிப்பிட்டார். அவ்வாண்டில் 35 வீதம் என்ற உச்ச வரம்பு அறிவிக்கப்பட்டது. வரட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான கடனைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. 2021 இல் இங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் வீதியோரத்தில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். கடனுக்கு மொழி இல்லை, நண்பர்களே, கண்ணீருக்கும் இல்லை.

ஆகவே கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். குறைந்து செல்லும் நிலுவைக்கு ஆண்டு வட்டி எத்தனை வீதம்? கட்டணங்கள் யாவும் சேர்ந்து என் கையில் வருவது எவ்வளவு, நான் கட்டுவது எவ்வளவு? இந்த வட்டி எனக்கு ஏன் இடப்பட்டது? பத்திரத்தைத் தமிழில் தருவீர்களா? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சம் வேண்டா. தானியங்கி முறையால் மட்டும் செய்யப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. ஏட்டிலுள்ள உரிமை கேட்பாரற்றுக் கிடந்தால் துருப்பிடித்துவிடும். நம் அண்ணர் அன்று மாலை என்னை மறித்துக் கேட்டிராவிட்டால், அந்த நிரலை நான் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

கமக்காரருக்கு மேலும் ஒரு வேண்டுகோள். உங்கள் விளைச்சலை, விற்ற விலையை, மழை பொய்த்த நாளை, தவணை கட்டிய பற்றுச்சீட்டை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஏட்டுக்கு எதிரே ஏட்டைத்தான் வைக்கவேண்டும். தவறிய தவணைக்குக் காரணத்தை உடனே எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கணக்கில் வல்லவர் பலர் உங்களுள் இருக்கிறீர்கள். மருத்துவமும் பொறியியலும் சிறந்தவையே. ஆயினும் நாட்டின் கடன்களுக்கு விலை எழுதும் மேசைகளிலும் நம் பிள்ளைகள் அமரவேண்டும். நம்மவருக்குச் சலுகை காட்ட அன்று. சலுகை காட்டுகின்ற கணக்கும் பொய்க் கணக்கே. ஒரு நிரலைப் பார்த்ததும், "இந்த மாதத்தில் அங்கே ஊரடங்கு இருந்தது", "இந்தப் போகத்தில் அவருக்கு உரம் கிடைக்கவில்லை" என்று சொல்ல அந்த மேசையில் ஒருவராவது இருக்கவேண்டும். அந்த அறிவு கணினிக்குள் பிறப்பதில்லை. இந்தத் தெருவிலும் அந்த வயல் வரம்பிலும் பிறக்கிறது.

வட்டியை எழுதும் கை எது என்று கேட்டேன். என் கையைப் போன்ற கைதான். தவறும் கை, திருத்தவும் வல்ல கை. நீங்கள் கேட்டால் திருத்தும். கேளுங்கள்.